பார்க்காத நாடி

முதல் பெஞ்சு எழுந்துவிட்டது. இன்னும் பத்து பெஞ்சு இருக்கிறது என்று ஹெப்சிபா எண்ணினாள். எண்ணக் கூடாது என்றுதான் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் இருபது வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளை எண்ணாதே என்றால் அவள் வேறு என்னதான் செய்வாள். ஆர்மோனியம் ஒரே ராகத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பில்லாத கால்களால் சத்தமில்லாமல் நடந்துபோய் பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியில் முழங்கால் போட்டார்கள். குருவானவர் அப்பம் கொடுத்துக்கொண்டே வர, பின்னாலேயே கிண்ணம் வந்தது. அம்மாவை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகிறது. அடக்கத்துக்குப் பிறகு வருகிற முதல் ஞாயிறன்று துக்க வீட்டார் சேர்ந்து கோயிலுக்கு வருவதும், ஆராதனை முடியும் நேரத்தில் போனவர்களின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டாரில் ஒருவர் எழுந்து வாசிப்பதும் இந்த ஊர் வழக்கம். அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறாகவும் அமைந்து, திருவிருந்து நாளாகவும் ஆகிப்போனது யார் செய்த ஏற்பாடோ. அம்மாவாக இருந்தால் டூட்டியை மாற்றிக்கொண்டு போயிருப்பாள். இப்படி நினைத்ததும் ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. மடியில் வேதப்புத்தகம், அதற்குள் நாலாக மடித்த தாள். கமிட்டிச் செயலாளர் வேதமணி சார் எழுதிக் கொடுத்தது. அவருக்குத் தமிழ் வரும், நிறைய வரும், தேவைக்கு மேலேயே வரும். அதில் ஒரு வரி: மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் சக நர்ஸ்கள் திருவிருந்தில் பங்குபெறட்டும் என்று தன் முறையை விட்டுக்கொடுத்து வார்டில் நின்ற தியாகச் சுடர். இந்த வரியைத்தான் இன்னும் அரைமணி நேரத்தில் அவள் வாயால் வாசிக்க வேண்டும். அது பொய் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். மூன்றாவதாகத் தெரிய வேண்டியவர் கடைசி பெஞ்சில், செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டி, துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடு என்று அம்மா தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அடக்கத்தன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு அந்தத் தாளை வாசித்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது.

இரண்டாவது பெஞ்சு. தாளில் இருப்பதெல்லாம் பொய் என்றும் சொல்வதற்கில்லை, அதுதான் சங்கடம். ரூபி ஞானபாக்கியம், ஊரார் வாயில் ரூபி சிஸ்டர், இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸ். எட்டு வயது மகளையும் நெஞ்சுவலியில் போன புருஷனின் சைக்கிளையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்தியவள். நாலரைக்கு எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பாள், வார்டில் கிடக்கிற அத்தனை பேரும் அந்த ஜெபத்தில் வருவார்கள், ஹெப்சிபாவின் பேர் எப்போதும் கடைசியில்தான் வரும், அதற்குள் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடும். எல்லாம் உண்மை. நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், அதைப் பார்க்க அவள் தாடையைக் குனிக்கும் விதம், கையைக் கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்நுனிகள். யார் கையைப் பிடித்தாலும் அம்மாவின் மூன்று விரல் தானாக மணிக்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டில் கை பிடித்து விசாரித்தவர்களுக்குக்கூட நாடி பார்த்திருக்கிறாள். மற்ற நர்ஸ்கள் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவார்கள், அம்மா முழு நிமிஷமும் எண்ணுவாள். காய்ச்சலில் கிடக்கும்போது அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம். சில சமயம் எண்ணி முடித்ததும் முகம் மாறும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். ஏம்மா என்று கேட்டால் பேசாமல் கிட என்பாள். என்ன எண் வந்தால் அப்படி மறுபடி எண்ணினாள் என்பது ஹெப்சிபாவுக்குத் தெரிந்து இருபத்தாறு நாள்தான் ஆகிறது.

மூன்று. இருபத்தாறு நாளுக்கு முன்னால், மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்ட பிறகு, அம்மா அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். சித்தி அடுக்களையில்தான் இருந்தாள், ஆனாலும் சாத்தச் சொன்னாள். உலகம்மாள் என்று ஆரம்பித்தாள். ஏரல் பக்கத்துப் பெண், முதல் பிரசவம், மூன்று மணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது, கஷ்டமே இல்லை. பிரசவம் ஆனவளைக் கால் மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும், நாடி எண்ண வேண்டும், துணியைத் தூக்கி ரத்தம் பார்க்க வேண்டும், சார்ட்டில் எழுத வேண்டும். மூன்றே கால், மூன்றரை, மூன்றே முக்கால், மூன்று தடவையும் எண்பத்து நான்கு. நல்ல நாடி. ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனாள். ஆயாவைப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் அம்மா வார்டு மாறும்போது அடுத்த நர்ஸுக்கு ஒப்பிக்கிற மாதிரியே ஒப்பித்தாள், குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அப்புறம்தான் குரல் உடைந்தது. "வார்டை விட்டுட்டுப் போனதைக்கூட விடு பிள்ள. டாக்டரம்மா ஓடி வாரதுக்குள்ள நான் சார்ட்டை எடுத்து எழுதினேன். நாலு மணி எம்பத்தி நாலு. நாலே கால் எம்பத்தி நாலு. பாக்காத நாடிய எழுதினேன்." அதைப் பார்த்து, இப்போதுதான் ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா நினைத்துவிட்டார்கள். உண்மை தெரிந்திருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்திருப்பார்களோ, எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாளோ, யாருக்குத் தெரியும். ஐந்தரைக்கு உலகம்மாள் போய்விட்டாள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. சார்ட் சுத்தமாக இருந்தது. பிரசவத்தில் இப்படியும் நடப்பதுண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கே போயிருந்தாய் என்று ஹெப்சிபா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் பதினெட்டு என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் பதினெட்டு, பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸ் விழா. ஆறாம் வகுப்பு ஹெப்சிபாவுக்குத் தனிப்பாட்டு. பாட்டு டீச்சரே ராகம் போட்டது, மூன்று சரணம். இரண்டு வாரமாக அம்மாவின் உயிரை வாங்கினாள், எல்லாருக்கும் அப்பா வருவார், எனக்கு யார் வருவா என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று நன்றாகவே தெரியும். அன்றைக்கு அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, வாரேன் பிள்ள, சுவருக்கு அங்கிட்டுத்தான பள்ளிக்கூடம், பத்து நிமிஷம் வந்து நிக்கேன் என்றாள். விருந்தாளி ஒருவர் கார் ரிப்பேராகித் தாமதமாக வந்து, ஆறுமுறை கைதட்ட வைத்துப் பேசி, எல்லாம் தள்ளிப்போனது. மேடையில் நின்று பார்த்தபோது பின்கதவில் வெள்ளைச் சேலையும் வெள்ளைத் தொப்பியுமாக அம்மா நின்றாள். தாடையைக் குனித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், பார்த்தாள், நிமிர்ந்தாள். போய்விடுவாளோ என்று ஹெப்சிபா கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போகவில்லை. முதல் சரணத்தில் சுருதி சேர்ந்தது, இரண்டாவதில் குரல் கூரைக்குப் போனது, மூன்றாவது முடிந்தபோது அம்மா கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள், அப்புறம் கதவில் ஆள் இல்லை. அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் எப்போது மனசு சோர்ந்தாலும் ஹெப்சிபா எடுத்து வைத்துக்கொண்டு பார்த்த காட்சி அது ஒன்றுதான். புருஷனோடு மனஸ்தாபம் வந்த நாட்களில், குழந்தை தங்காமல் போன வருஷங்களில், எனக்காக ஒருத்தி வேலையை விட்டு ஓடி வந்து நின்றாள் என்று. இப்போது அந்தக் காட்சிக்கு அடியிலும் சொட்டுகிறது. மூன்று சரணம் பாடாமல் இரண்டோடு நிறுத்தியிருந்தால். இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டாலும் ஒரு சரணத்துக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் விடை உலகம்மாளுக்குப் போதாது, ஆனாலும் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா இதைச் சொல்லி முடித்துவிட்டு, உன்மேல ஒரு தப்பும் இல்ல என்றாள். அப்படிச் சொன்ன பிறகுதான் தன்மேல் தப்பு இருக்கலாம் என்பதே ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டே, "நீ நல்லா பாடினட்டி" என்றாள். அதை நினைத்தால்தான் ஹெப்சிபாவுக்கு இப்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஐந்தா, ஆறா. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கிராதியில் இருந்து எழுந்து வருகிறவர்கள் அவளைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்துவிட்டுப் போனார்கள். பாவம், அம்மா பிள்ளை என்கிற சாய்ப்பு. இதே மாதிரி எத்தனை முதல் ஞாயிறுகளில் இந்தக் கண்கள் அம்மாவின் இடத்தைத் தேடி, டூட்டியா, பாவம் என்றிருக்கும். தகுதியில்லாமல் அபாத்திரமாகப் போய் அந்தக் கிண்ணத்தைத் தொடக் கூடாது, அடுத்தவனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு பலிபீடத்துக்கு வா என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அம்மா. கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஜாதி. ஒப்புரவாகத் தைரியம் இல்லை, ஆகாமல் கிண்ணத்தைத் தொடவும் தைரியம் இல்லை. ஆக மேட்ரனிடம் போய், முதல் ஞாயிறு என்னைப் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற ஞாயிறுகளில் முதல் ஆளாகக் கோயிலில் நிற்பவள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும். ஓய்வு பெற்ற பிறகு ஒளிய வார்டு இல்லை. அப்போது ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீடுகளைத் தேடிப் பிடித்தாள். நீங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, நான் இவிய பக்கத்துல இருக்கேன் என்று முதல் ஞாயிறு காலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். பீயும் மூத்திரமும் அள்ளியிருக்கிறாள், புண்ணுக்கு மருந்து வைத்திருக்கிறாள், வாயில் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். முப்பத்தொரு வருஷம், வருஷத்துக்குப் பன்னிரண்டு, முந்நூற்று எழுபத்திரண்டு ஞாயிறு. பயத்தில் செய்தாள் என்றால் அந்தக் கிழவிகளின் முதுகுப்புண் ஆறாமல் போய்விட்டதா. அன்பில் செய்தாள் என்றால் எதற்காக ஒரே ஒரு ஆளிடம் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழிகிறது, விட்டால் அங்கேயே கிடக்கிறது. வேதமணி சார் சொன்ன தியாகச் சுடர் என்பதை அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று நேற்று மத்தியானம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை.

கர்த்தரிடம் சொல்லிவிட்டாய்தானே, அது போதாதா என்று அன்றைக்கு அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தாள், ஞாயிறு பள்ளியில் எளிய கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "அவர்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அவரு மன்னிச்சிருப்பாரு. பேச்சிமுத்து எப்படி மன்னிப்பாரு? அவருக்குத் தெரியவே தெரியாதே. நீ சொல்லிரு பிள்ள." சொல்கிறேன் என்று ஹெப்சிபா வாக்குக் கொடுத்தாள். பேச்சிமுத்து அண்ணாச்சிதான் உலகம்மாளின் புருஷன். ஏரலில் வாழைத் தோட்டம். மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த ஆண்பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார், அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். அன்று சாயங்காலம் வார்டு வாசலில் அவர் அம்மாவைக் கும்பிட்டு, கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்தீயளா சிஸ்டர் என்று கேட்டிருக்கிறார். தலைய ஆட்டிட்டேன் பிள்ள என்றாள் அம்மா. எழுதியதற்கு அடுத்த பொய், வாயால்கூட இல்லை, தலையால். அதற்கு நன்றியாக வருஷா வருஷம் டிசம்பர் பதினெட்டாம் தேதி சைக்கிளில் ஒரு கதலித் தார் வந்தது, பிறகு மொபெட்டில், இந்தச் சில வருஷமாகப் பஸ்ஸில். அம்மா அதை வாசலிலேயே வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல், அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். நோயாளிகள் சாப்பிடட்டும் என்பாள். பன்னிரண்டு வயதில் ஒரு தரம் ஹெப்சிபா அந்தத் தாரிலிருந்து ஒரே ஒரு பழத்தைப் பிய்த்து, கதவிடுக்கில் நின்று பாதி தின்றுவிட்டாள். தேன் மாதிரி இருந்தது. அம்மா பார்த்தாள். வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள், வாயில் விரலை விட்டு மிச்சத்தைத் தோண்டி எடுத்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா கை நீட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவை. திருட்டுக்குத்தான் அடித்தாள் என்று முப்பது வருஷம் நம்பி, வகுப்புப் பிள்ளைகளிடம் திருட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். நல்ல உதாரணம்.

அண்ணாச்சி அடக்கத்துக்கும் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, குமுறிக் குமுறி அழுதார், சொந்தக்காரர்கள் அப்படி அழவில்லை. ஹெப்சிபாவிடம் வந்து, ஆம்பிளைய உள்ள விட மாட்டாவ, நான் வெளிய கெடந்தேன், ஆனா என் வீட்டுக்காரி கைய சிஸ்டர் விடவே இல்லன்னு நெனச்சு நெனச்சுத்தான் தாயி இவ்வளவு காலம் தூங்கினேன் என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். காபி குடித்தீர்களா அண்ணாச்சி என்றுதான் வந்தது. சொன்னால் அம்மாவுக்கு என்ன ஆகிவிடப் போகிறது, அவள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொன்னால் இந்த மனுஷனின் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் அம்மா அந்தக் கிராதிக்கு இந்தப் பக்கமே நிற்பாள், மண்ணுக்குள்ளேயும். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கா, உயிரோடு இருக்கிறவரின் நிம்மதியா. கணக்கு டீச்சர், போடு பார்க்கலாம். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் பெஞ்சுகளை எண்ணினாள். அம்மா போவதற்கு மூன்று நாள் முன்னால் குருவானவர் வீட்டுக்கே அப்பமும் கிண்ணமும் கொண்டுவந்தார். சித்தி கட்டில் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். குருவானவர் ஹெப்சிபாவைப் பார்த்தார். அம்மாவுக்கு முழுங்க முடியல ஐயா என்றாள். கண் இமைக்காமல் சொன்னாள். அன்று காலையில்தான் அம்மா அரை இட்டிலியைப் பாலில் ஊற வைத்துச் சாப்பிட்டிருந்தாள். குருவானவர் பரவாயில்லை, விருப்பமே போதும் என்று ஜெபித்துவிட்டுப் போனார். அவளும் ஒரு பார்க்காத நாடியை எழுதிவிட்டாள். எவ்வளவு சுலபமாக வந்தது, அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், கை தானாக எழுதிவிடும்.

முழங்கையை யாரோ தொட்டார்கள். எமிலி சித்தி, அம்மாவின் தங்கை. நம்ம வரிசை, எழும்பு என்று முணுமுணுத்தாள். பெஞ்சு முழுக்க எழுந்து நின்றிருந்தது, எல்லாரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஹெப்சிபா காலை மடக்கி வழிவிட்டாள். சித்தி ஒரு கணம் நின்று பார்த்தாள். அழுகையில் எழ முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொருவராக அவள் முழங்காலை உரசிக்கொண்டு கடந்து போனார்கள், நாப்தலின் வாசனையும் கனகாம்பர வாசனையுமாக. அப்புறம் பன்னிரண்டாவது பெஞ்சு, பதிமூன்று, ஆண்கள் பக்கமும் அப்படியே காலியாகிக்கொண்டு வந்தது. முன்னால் திரும்பி வந்தவர்கள் தலை கவிழ்ந்து ஜெபத்தில் இருந்தார்கள், நடுப்பாதையில் வரிசை நின்றது, அவளுக்குப் பின்னால் கோயில் வெறிச்சென்று கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெஞ்சுகளுக்கும் பின்னால் அண்ணாச்சி ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே போக வேண்டியதில்லை, அவர் இந்த விருந்துக்கு அழைக்கப்பட்டவர் இல்லை. அம்மாவும் முப்பத்தொரு வருஷமாக இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள், எங்கேயோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில். ஹெப்சிபா வேதப்புத்தகத்தைப் பெஞ்சிலேயே வைத்தாள், தாளும் அதற்குள் இருந்தது. கோயிலுக்கு என்ன வேண்டுமோ அதை வேதமணி சாரே வாசித்துக்கொள்ளட்டும். எழுந்தாள். கால் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது. செய்யக் கூடாததைச் செய்கிற கூச்சம் முதுகெல்லாம் ஊர்ந்தது. பத்து பெஞ்சு தூரம். அம்மா வார்டுக்குத் திரும்பி ஓடிய தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

அவர் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இருங்க அண்ணாச்சி என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல வார்த்தைகள் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு நாலு மணிக்கு அம்மா வார்டுல இல்ல." அவர் காதில் விழாத மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். மறுபடி சொன்னாள். மூன்றே முக்காலுக்கு மேல் போனாள், நாலரைக்குத்தான் வந்தாள், அதற்குள் ரத்தம் போயிருந்தது, சார்ட்டில் எழுதியது உண்மை இல்லை, உங்களிடம் சொல்லச் சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்துவிட்டது. எங்க போயிருந்தாவ என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு, நான் பாடினதைக் கேக்க என்றாள். அவர் அவளைப் பார்த்தார், நாற்பத்திரண்டு வயதுக்காரியை அல்ல, வேறு யாரையோ, உயரம் குறைந்த ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி அவர் கண் கொஞ்சம் கீழே இறங்கியது. அப்போது ஆர்மோனியம் நின்றது. திருவிருந்து முடிந்துவிட்டது. ஹெப்சிபாவின் இடத்தைப் பார்த்துவிட்டு, அவள் இல்லாததைக் கண்டு, வேதமணி சார் தானே எழுந்து, சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். பிறந்த வருஷம் வந்தது. நர்ஸ் பயிற்சி வந்தது. கைம்பெண் ஆனது வந்தது. முதல் ஞாயிறுதோறும் என்ற வரி வந்தது. தியாகச் சுடர் என்றபோது பெண்கள் பக்கம் இருந்து ஒரு பெருமூச்சும், யாரோ தோத்திரம் என்று சொன்னதும் கேட்டது. அண்ணாச்சி அதை எதையும் கேட்கவில்லை. மடியில் இருந்த துண்டைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். எழுந்து போய்விடுவார் என்று பயந்தாள். அவர் முன்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, அவளிடம் அல்லாமல், ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"நான் வெளிய பெஞ்சுலதான தாயி இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா உள்ள வந்து இருந்திருப்பேனே. அவ ஒத்தையிலயா கெடந்தா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு தலையாட்டலைத் திரும்ப எடுக்க இன்னொரு தலையாட்டல், அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவர் கை துண்டை விட்டுவிட்டுப் பெஞ்சுப் பலகையில் வந்து விழுந்தது. தோட்ட வேலை செய்த கை, வாழைக்கறை ஏறிக் கறுத்த நகங்கள். ஹெப்சிபா அந்தக் கையைப் பிடித்தாள், ஆறுதலுக்கு என்று நினைத்துத்தான் பிடித்தாள், ஆனால் அவள் மூன்று விரல் தானாக மணிக்கட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்னால் வேதமணி சார் கடைசிப் பத்தியை வாசித்துக்கொண்டிருந்தார், எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவர்கள் இருவர் மட்டும் எழவில்லை. கடிகாரம் கட்டி வரவில்லை. நேரம் தெரியாமல் வெறுமனே எண்ணினாள். ஒவ்வொன்றும் விரலில் வந்து இடித்துவிட்டுப் போவதை ஒன்றுகூடத் தவறவிடாமல் எண்ணினாள். எண்பத்து நான்கு வந்தது. அதற்கு மேலும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.